ஹயஸ் வானில் டீசல் பில்டர் ஒழுகுகிறதா? வீட்டிலேயே மாற்றும் முறை

உங்கள் டீசல் வான் காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கிறதா? ஒருமுறை பிடித்து, இரண்டு மூன்று நொடி ஓடி, நின்றுவிடுகிறதா? இரவு நிறுத்திய இடத்தில் தரையில் டீசல் சொட்டுகள் தெரிகின்றனவா? இவற்றில் இரண்டு பொருந்தினாலே முதலில் பார்க்கவேண்டிய இடம் டீசல் பில்டர்.

எங்கள் வானுக்கு இந்தக் கோளாறு வந்தபோது கராஜில் ஹீற்றர் பிளக்கை (ஸ்டார்ட் பண்ண முன் எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கும் பிளக்) மாற்றினார்கள். அப்புறம் பட்டரி சரியில்லை என்றார்கள். கடைசியில் டீசல் பம்பையே இறக்கிப் பார்க்கவேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. கெட்டுப்போயிருந்தது பில்டருக்கும் அது திருகி ஏறும் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் ஒரு ரப்பர் வளையம் மட்டும்தான். அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வரக்கூடாது. அதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

இதில் சொல்வதெல்லாம் நம் ஊர்களில் அதிகம் ஓடும் டொயோட்டா ஹயஸ் பற்றியது, குறிப்பாக டொல்பின் என்று நாம் சொல்லும் எல்.எச். வரிசை வான்கள். 2எல், 3எல், 5எல் எஞ்சின்கள் அவற்றில் வரும். புதிய கே.டி.எச். வான்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் ஓரிடத்தில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். அதை 6ஆம் படியில் சொல்கிறேன்.

1. காசு செலவழிக்க முன் ஒழுக்கு எங்கே என்று பாருங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். ஆறுதலாகச் செய்யுங்கள்.

இந்த வான்களில் டீசலைத் தாங்கியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது எஞ்சினில் இருக்கும் டீசல் பம்ப். பில்டர் நடுவழியில் இருக்கிறது. அதனால் எஞ்சின் ஓடும்போது பில்டருக்குள் உறிஞ்சல்தான் இருக்கும், வெளியே தள்ளும் அழுத்தம் இருக்காது. ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். நிறுத்திய பிறகுதான் மெதுவாகக் கசியும். சில நேரம் அதுவும் கசியாது. உள்ளே காற்றுப் புகுந்து, டீசல் தாங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வான் 'எயார் எடுக்கிறது' என்று மெக்கானிக்மார் சொல்வது இதைத்தான். எஞ்சினை ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்த்துவிட்டு 'ஒழுக்கே இல்லையே' என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பில்டரின் தலையில் கையால் அமுக்கும் ஒரு சிறிய பம்ப் இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ண முன் அதை அமுக்கிப் பாருங்கள். முதல் அமுக்கிலிருந்தே இறுக்கமாக இருந்தால் உள்ளே டீசல் நிறைந்திருக்கிறது, ஸ்டார்ட் பிரச்சினைக்குக் காரணம் வேறு. அப்போது ஹீற்றர் பிளக், பட்டரி பக்கம் போகலாம். தொளதொளவென்று கனக்க நேரம் அமுங்கி, பிறகு இறுகி, அதன்பின் வான் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால் காற்றுத்தான் உங்கள் எதிரி.

அடுத்து ஒழுகும் இடம். பில்டரையும் அதைச் சுற்றியுள்ள ஹோஸ்களையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த சீலையால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பௌடரை அதன்மேல் மெல்லியதாகத் தூவுங்கள். இப்போது கைப்பம்பை இறுகும்வரை அமுக்கி, இறுகிய பிறகும் இன்னும் சில தடவை அழுத்துங்கள். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் இடத்தில் இப்போது அழுத்தம் ஏறியிருக்கிறது. ஓட்டை எங்கிருக்கிறதோ அங்கே பௌடர் நனைந்து கோடு போடும். கோட்டின் அடியைப் பார்க்காதீர்கள், அது தொடங்கும் உச்சியைப் பாருங்கள். டீசல் எப்போதும் கீழே வழிந்து வந்து வேறோர் இடத்தில்தான் சொட்டும்.

நான் பார்த்தவரை ஒழுகும் இடங்கள் இவைதான்: ஹோஸ் கிளிப் இளகிய இடம், ஹோஸின் நுனியில் ரப்பர் வெடித்த இடம், பில்டருக்கும் தலைக்கும் இடையிலான ஓ-ரிங் (ரப்பர் வளையம்), பில்டரில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும், அடியில் இருக்கும் தண்ணீர் சென்சரின் ஓ-ரிங், தண்ணீர் திறக்கும் திருகு, கைப்பம்பின் உள்ளிருக்கும் ரப்பர். மிகப் பழைய வான் என்றால் துருப்பிடித்த பில்டர் உடம்பிலேயே ஊசித்துளை விழுந்திருக்கலாம். இவற்றை விலைப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கிளிப்பும் ஓ-ரிங்கும் மிக மலிவு, பில்டர் நடுத்தரம், கைப்பம்போடு கூடிய தலைப்பகுதி விலை கூடியது. தலைப்பகுதியை வாங்கச் சொல்லி யாராவது சொன்னால், மலிவான இடங்களைப் பார்த்து முடித்துவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடு கைப்பம்பின் மேற்புறத்திலிருந்து தொடங்கினால் பில்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

2. கடைக்குப் போக முன் எடுத்துவைக்க வேண்டியவை

வானின் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்தவற்றில் எஞ்சின் பிறகு மாற்றப்பட்டிருப்பது சாதாரணம். சான்றிதழில் 2எல் என்றிருக்கும், உள்ளே 3எல் இருக்கும். ஆகவே எஞ்சின் உடம்பில் பொறித்திருப்பதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அது பில்டரைவிடப் பெரிய விஷயம். வான் விற்கும்போதும் காப்புறுதிக் காசு கேட்கும்போதும் சிக்கல் வரும். பதிவைத் திருத்தும் வழியைத் தனியாகப் பாருங்கள்.

பழைய பில்டரையும் படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, அடிப்புறம் ஒன்று, அதில் எழுதியிருக்கும் பாகம் நம்பர் தெரிய ஒன்று. எல்.எச். வரிசையில் பலவற்றுக்கு 23303-64010 என்ற டொயோட்டா நம்பர் வரும். ஆனாலும் அதை மட்டும் நம்பி வாங்காமல் செசி நம்பரைக் கொடுத்துக் கடையில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

3. வாங்குவதும் செலவும்

கொழும்பில் இருப்பவர்களுக்கு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை தெரியும். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் பக்கத்து உதிரிப்பாகக் கடையிலேயே வாங்கலாம், இது அரிய பொருள் இல்லை. விலை ரூபாயோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் இங்கே தொகை எழுதிப் பயனில்லை. இரண்டு மூன்று கடைகளில் போனில் கேளுங்கள். கேட்கும்போது 'ஜெனுயினா, ஜப்பான் பிராண்டா, சைனாவா' என்று மூன்றையும் பிரித்து விலை கேளுங்கள். ஒரே பில்டருக்கு மூன்று விலை சொல்வது அதனால்தான்.

என் கருத்து: ஜெனுயின் கட்டாயமில்லை. பெயர் தெரிந்த ஜப்பான் பில்டர் பிராண்ட் போதும். ஆனால் மிக மலிவானதை வாங்காதீர்கள். பில்டர் தடுக்காமல் விடும் தூசும் தண்ணீரும் நேரே டீசல் பம்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நோசிலுக்கும்தான் போகும். அவற்றைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் நல்ல பில்டருக்கும் மோசமான பில்டருக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஜெனுயின் பெட்டியில் போலிச் சாமான் வருவதும் உண்டு. பெட்டியைத் திறந்து பாருங்கள். புரி (திருகி ஏறும் மரை) சீராக, கூர் கெடாமல் இருக்கவேண்டும், உள்ளே ஆட்டினால் சத்தம் வரக்கூடாது, ஓ-ரிங் கூடவே இருக்கவேண்டும்.

பில்டரோடு சேர்த்து வாங்கவேண்டியவை: தண்ணீர் சென்சருக்குப் புது ஓ-ரிங் (பெட்டியிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்), நான்கு ஹோஸ் கிளிப், டீசலுக்கென்று விற்கும் ஹோஸ் ஒரு மீற்றர். தண்ணீர்க் குழாயையோ ஏசிக் குழாயையோ 'இதுவும் ரப்பர்தானே' என்று தந்தால் வாங்கவேண்டாம். டீசல் பட்டுச் சில மாதத்தில் ஊதி இளகிவிடும். ஹோஸின் உள்விட்டம் தெரியாவிட்டால் பழையதில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பில்லை வாங்குங்கள். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தரலாம்' என்பார்கள். புரி பொருந்தாவிட்டால் மாற்ற அந்தப் பில்தான் வேண்டும். பெட்டியையும் எறியாதீர்கள்.

4. எப்போது செய்வது

முதல்முறை செய்பவருக்கு அரைநாள் போகும், பழகியவருக்கு ஒரு மணித்தியாலம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, கடை திறந்திருக்கும் நாளில் தொடங்குங்கள். ஞாயிறும் போயா தினமும் வேண்டாம். ஓ-ரிங் ஒன்று கிழிந்தால் வாங்க வழியில்லாமல் வான் இரண்டு நாள் முற்றத்தில் நிற்கும். தூரப் பயணத்துக்கு முதல்நாளும் வேண்டாம். ஏ9 வீதியில் நடுச்சாமத்தில் காற்றுப் பிடித்து நிற்பதைவிட, சந்தேகம் இருக்கிற பழைய பில்டரோடு கைப்பம்பை அமுக்கி அமுக்கிப் போய் வருவது மேல்.

தாங்கி நிரம்ப டீசல் இருக்கும்போதும் தொடங்கவேண்டாம். ஹோஸைக் கழற்றியதும் சைபன் மாதிரி வந்துகொண்டே இருக்கும். கால்வாசி இருந்தால் வசதி.

5. கழற்றுவது

வானைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கீழே புகவேண்டியிருந்தால் ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் புகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்தபிறகு மட்டும் புகுங்கள். அதைக் கடன் வாங்கியாவது வையுங்கள். பட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். டீசல் பெற்றோலைப்போலச் சட்டென்று பற்றாது. ஆனால் சூடான சைலன்சரில் சிந்தினால் புகைந்து பற்றும். சிகரெட் கிட்டவே வேண்டாம். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள், ஏனென்றால் கீழே படுத்திருக்கும்போது டீசல் முகத்தில்தான் விழும்.

பில்டர் எங்கே என்று தெரியாவிட்டால் டீசல் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸைப் பின்தொடர்ந்து போங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறினாலும் அந்த ஹோஸ் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தாங்கியின் மூடியைத் திறந்து மூடுங்கள், உள்ளே இருக்கும் அழுத்தம் போய்விடும். பிறகு பில்டரின் அடியில் வரும் சென்சர் வயரின் சொக்கட்டைக் கழற்றுங்கள். இதை மறந்து பில்டரைச் சுழற்றினால் வயர் முறுக்கி அறுந்துபோகும்.

கீழே வாளி வைத்து, அடித்திருகைக் கையால் இளக்கி டீசலை வடியவிடுங்கள். முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் தனியாகப் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். கொஞ்சம் இருப்பது வழமை. கால் போத்தல் தண்ணீர் என்றால் தாங்கியைக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் புதுப் பில்டரும் கெதியில் போய்விடும். கறுப்பாக வழுவழுப்பாக ஏதாவது வந்தாலும் அதே முடிவுதான். டீசலைக் கானில் நாள்கணக்கில் சேர்த்து வைத்து ஊற்றியவர்களின் வானில் இதை அதிகம் பார்க்கலாம்.

இனிப் பில்டர். கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள். கையால் வராவிட்டால் பெல்ட் வகைப் பில்டர் ஸ்பானர் போடுங்கள். பில்டரின் நடுவில் ஸ்குரூ டிறைவரைக் குத்தித் திருப்பும் வழியைச் சிலர் சொல்வார்கள். தகரம் கிழிந்து, புரிப்பகுதி மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு நின்றால் அன்றைய நாள் முடிந்தது.

பில்டர் கையில் வந்ததும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, பழைய ஓ-ரிங் பில்டரோடு வந்துவிட்டதா அல்லது தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள். அது அங்கேயே இருக்கப் புதுப் பில்டரை ஏற்றினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து முன்பைவிட மோசமாக ஒழுகும். பில்டர் மாற்றிய பிறகும் ஒழுகுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டாவது, தண்ணீர் சென்சர் பழைய பில்டரிலேயே இருக்கிறது. அதைக் கழற்றிப் புதியதில் போடவேண்டும். பழைய பில்டரோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டால் புதிது வாங்க நிறையச் செலவாகும்.

6. பூட்டுவதும் காற்றை எடுப்பதும்

தலைப்பகுதியின் அடிப்பக்கத்தை நூல் உதிராத சுத்தமான துணியால் துடையுங்கள். பஞ்சு வேண்டாம். சென்சரைப் புது ஓ-ரிங்கோடு புதுப் பில்டரில் பூட்டுங்கள். அளவாக இறுக்கினால் போதும், அதன் உடம்பு பிளாஸ்ரிக். ஓ-ரிங்குகளுக்குச் சுத்தமான டீசலை விரலால் பூசுங்கள். கிறீஸ் வேண்டாம்.

பில்டரைக் கையால் ஏற்றி, ஓ-ரிங் தொடும் வரை திருப்புங்கள். அதன் பிறகு எவ்வளவு என்று பில்டரின் மேலேயே படம் போட்டிருக்கும். பெரும்பாலும் முக்கால் சுற்று. கையாலேயே இறுக்குங்கள், ஸ்பானர் போடவேண்டாம். 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் ஒழுகாது' என்ற எண்ணம்தான் ஓ-ரிங்கை நசுக்கி, அலுமினியத் தலையை வெடிக்கவைக்கிறது. வெடித்த ஹோஸ் நுனிகளை வெட்டிவிட்டு அல்லது மாற்றிவிட்டுப் புதுக் கிளிப் போடுங்கள்.

புதுப் பில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு ஏற்றலாமா என்று பலர் கேட்பார்கள். நடு ஓட்டை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டாமலே பம்புக்குப் போகும். கைப்பம்ப் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

இப்போது கைப்பம்பை அமுக்கத் தொடங்குங்கள். நீண்ட நேரம் தொளதொளவென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள். கை வலித்தால் ஆறி அமுக்குங்கள். நன்றாக இறுகிவிட்டால் பில்டர் நிறைந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு அமுக்கியும் இறுகவே இல்லையென்றால் கைப்பம்பின் உள் ரப்பர் போயிருக்கிறது, அல்லது தாங்கிப் பக்க ஹோஸில் காற்றுப் புகுகிறது.

இறுகிய நிலையிலேயே பௌடர்ச் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள். ஈரம் எங்கும் இல்லையென்றால் பட்டரியையும் சென்சர் சொக்கட்டையும் பூட்டி, ஹீற்றர் லைட் அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்றவேண்டாம். இடையில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டர் சூடாகிக் கருகும். பிடித்தபின் கொஞ்சம் தடுமாறி ஓடும், அக்சிலேற்றரை மெல்லப் பிடித்துவைத்தால் காற்று வெளியேறிச் சீராகிவிடும்.

பழைய எல்.எச். எஞ்சினில் இதற்கும் ஸ்டார்ட் வராவிட்டால், நோசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒரு சுற்று இளக்கி, இன்னொருவரைச் சுற்றச் சொல்லி, டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்குவார்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கே.டி.எச். வானில், 1கேடி, 2கேடி எஞ்சினில், இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அவை கொமன் ரெயில் எஞ்சின்கள், அதாவது எல்லா நோசிலுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை. அந்தக் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வலி அதிகம் தெரியாது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். கே.டி.எச். வானில் கைப்பம்பால் வராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

7. உண்மையான பரீட்சை மறுநாள் காலை

சூடாக இருக்கும் எஞ்சின் கொஞ்சம் காற்று இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். அதை வைத்து வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரவு முழுக்க நிற்கவிட்டு, பில்டருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். காலையில் தாள் காய்ந்திருக்கவேண்டும், கைப்பம்ப் முதல் அமுக்கிலேயே இறுக்கமாக இருக்கவேண்டும், வான் ஒரே அடியில் பிடிக்கவேண்டும். தாள் காய்ந்து, பம்ப் மட்டும் தொளதொளத்தால் பில்டருக்கு முன்னால், தாங்கிப் பக்கத்து ஹோஸைப் பாருங்கள்.

ஹோஸ், எஞ்சின் தாங்கும் ரப்பர், டயர் ஆகியவற்றில் சிந்திய டீசலைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். படலையடியிலோ வீதியிலோ சிந்தியிருந்தால் மண் அல்லது மரத்தூள் போட்டு அள்ளுங்கள். டீசல் பட்ட தாரில் மோட்டார் சைக்கிள் வழுக்கும். வடித்த டீசலை வடிகாலுக்குள்ளோ வளவுக்குள்ளோ ஊற்றவே கூடாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது நேரே கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

8. எழுதி வைப்பதும் புகைப் பரிசோதனையும்

பில்டர் மாற்றிய திகதியையும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வானிலேயே வையுங்கள். பில்டரின் உடம்பிலும் மார்க்கரால் திகதி எழுதலாம். அடுத்தமுறை யாராவது 'பில்டர் மாற்றிக் கனகாலம் போல' என்று சொல்லி இன்னொன்றை விற்க முடியாது.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பது தெரியும். அந்தப் பரிசோதனைக்கு முதல்நாள் பில்டரைத் தொடாதீர்கள். காற்று முழுதாகப் போகாத எஞ்சின் வெள்ளைப்புகை கக்கித் தடுமாறும். ஒரு வாரம் முன்னரே மாற்றி, சில நாள் ஓடவிட்டு, குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு போங்கள். போகும்போது பதிவுச் சான்றிதழின் பிரதியையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.